வீடு எழும்பிய ஞாயிற்றுக்கிழமை

அந்த வீடு ஒரே நாளில் சாய்ந்துவிடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர் பக்கத்து ஆளின் தோளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாரே, அப்படித்தான் அதுவும் மேற்குப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. பக்கத்தில் தோள்தான் இல்லை. உள்ளே குடியிருந்தவர்களும் கூடவே சாய்ந்தார்கள். கூடவே சாய்கிறவர்களுக்குச் சாய்வு தெரிவதில்லை.

தரை துடைக்கும்போது தண்ணீர் தானாகவே மேற்கு மூலைக்குப் போய்விடும். துடைக்கிற வேலை பாதிதான். முட்டை பொரித்தால் மஞ்சள் கரு வாணலியின் ஓரத்துக்குப் போய் உட்காரும். மேஜைக் கால்களுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். சுவரில் மாட்டிய காலண்டர் ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கச் சுவரில் மாட்டினால், கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி சுவரை விட்டு விலகித் தொங்கும். கடிகாரத்தை நேராக மாட்டினால் கோணலாகத் தெரிந்தது என்று எல்லா வீட்டிலும் அதைக் கோணலாகவே மாட்டியிருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் முன்பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பல்லுக்காரி என்றே சொல்வார்கள். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, யாரோ முகம் தெரியாத ஒருவருக்குச் சிரிப்பைச் செய்து அனுப்புவாள். மூத்தவள் அவளுடைய நாத்தனார். இறந்துபோன கணவனின் அக்கா. கல்யாணமே செய்துகொள்ளாதவள். நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவள் வந்தால் அவளுக்கு முன்னால் குளோரின் வாசனை வந்துவிடும்.

இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கணவன் காய்ச்சலில் போன பிறகு, "நீ எங்கேயும் போக வேணாம், நான் இருக்கேன்" என்று நாத்தனார் சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். பல்லுக்காரி வேலையிலிருந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பாள். ஜன்னலைத் திறந்தால் காற்று ஆகாது என்று சாத்துவாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள். எல்லாம் பாசம்தான். பாசத்தோடு சண்டை போட யாருக்குத்தான் தெரியும்? வேலைக்குப் போகிற வழியில் ஒரு மாடி அறை வாடகைக்கு இருந்தது. அதன் ஜன்னலுக்கு நேரே ஒரு மரம். பல்லுக்காரி தினமும் அங்கே கொஞ்சம் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள். கேட்டதில்லை. பார்த்ததோடு சரி.

ஒரு நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிப் போன பின், நாத்தனார் குளிக்கப் போனாள். குளித்து முடித்து வெளியே வரப் பார்த்தால் கதவு வரவில்லை. சட்டம் நசுங்கிக் கதவைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. தட்டினாள், கத்தினாள். கட்டடத்தில் அப்போது யாரும் இல்லை. மத்தியானம் மேல்வீட்டு சலூன்காரர் சாப்பிட வந்தபோதுதான் சத்தம் கேட்டு, உளியைக் கொண்டுவந்து கதவை நெம்பித் திறந்தார். நாத்தனார் ஈரத் தலையோடு, முகம் வெளுத்து, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. கதவு கொஞ்சம் இறுகிடுச்சு. அவகிட்ட சொல்ல வேணாம், பயந்துடுவா" என்றாள் சலூன்காரரிடம்.

ஆனால் சலூன்காரர் வாயில் ஒரு செய்தி தங்கினால் அது அவர் தொழிலுக்கே இழுக்கு. சாயங்காலம் பல்லுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவள் கூடத்திலிருந்தே நகராட்சிக்குப் போன் செய்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எதையும் சரி பண்ண மாட்டேங்கிறார் சார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

"இதுக்கெல்லாம் நாங்க என்னம்மா பண்றது? குடும்பப் பிரச்சினைய குடும்பத்துக்குள்ளயே பேசித் தீர்த்துக்கங்க" என்றது எதிர்முனை.

"ஐயோ, அந்த வீட்டுக்காரர் இல்ல சார். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர். வீடு சாயுது. கதவு மூடினா திறக்க மாட்டேங்குது."

"அப்படி முதல்லயே சொல்லுங்கம்மா! உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"எந்த வீட்டுக்காரர்?"

"உங்க வீட்டுக்காரர்மா. புருஷன்."

"அவர் இல்ல சார். இறந்துட்டார்."

எதிர்முனைக் குரல் தணிந்து, விலாசம் கேட்டது. விலாசத்தைச் சொல்லும்போதே பல்லுக்காரியின் மனசின் ஓரத்தில் ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது: இந்த வீடு ஆகாது என்று அதிகாரிகளே சொல்லிவிட்டால், ஆளுக்கொரு பக்கம் போகவேண்டி வரும். அப்போது யாரும் யாரையும் விட்டுப் போனதாக ஆகாது. அந்த எண்ணத்தை அவள் அதட்டி உள்ளே அனுப்பினாள். அது போனது, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு போகவில்லை.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடத்தின் பின்பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். பாதி ஆயுசைக் கப்பலில் கழித்தவர் என்பதால் கப்பல்காரர் என்று பெயர். வாடகையை உயர்த்த மாட்டார், யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார், எதையும் பழுது பார்க்கவும் மாட்டார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் மேற்கு மூலையில் பாதியில் உடைந்து, மழைக்கு மழை அஸ்திவாரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. "தண்ணிதானே, தானா வழி கண்டுபிடிச்சுப் போயிடும்" என்பார். அது அஸ்திவாரத்துக்கு அடியில் வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

நகராட்சியிலிருந்து வந்த ஆய்வாளர் ஒல்லியான ஒரு பெண்மணி. தோள்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. அவர் ஒவ்வொரு அறையிலும் வைத்துப் பார்த்தார். கதவுகளைச் சாத்தித் திறந்து பார்த்தார். மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அது பால் பல் மாதிரி ஆடியது. வெளியே போய் உடைந்த குழாய்க்கு அடியில் ஒரு குச்சியை மண்ணில் குத்தினார். குச்சி வெண்ணெயில் இறங்குவது போல முழுக்க இறங்கிவிட்டது.

"சாய்ஞ்சா என்ன மேடம்? விழலையே!" என்றார் கப்பல்காரர்.

"விழுந்தப்புறம் எனக்கு இங்க வேலை இல்ல சார். அப்ப வேற ஆளுங்க வருவாங்க."

"நான் கப்பல்ல இதைவிடச் சாய்ஞ்சு படுத்தவன். கீழே விழாம சாப்பிடுவேன், ஷேவ் பண்ணுவேன்."

"கப்பல்ல வாடகைக்குக் குடி வெச்சிருந்தீங்களா?"

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சலூன்காரர் சிரித்துவிட்டார். அவர் மனைவி அவரைக் கிள்ளினாள்.

ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க மட்டும் இருக்கிற வீடுன்னா தலைகீழாத் தொங்குங்க, யாரு கேக்கப் போறா? வாடகைக்கு விட்டா அதுக்குன்னு ஒரு தரம் இருக்கு. கதவு மூடணும், திறக்கணும். ஜன்னல் வழியா வெளிச்சமும் காத்தும் வரணும். கூரைத் தண்ணி கூரையை விட்டு ஒழுங்கா இறங்கிப் போகணும். படியில ஏறுறவங்க பிடிச்சா கைப்பிடி கையோட வரக் கூடாது. இதெல்லாம் நீங்க பாத்துப் பண்ண வேண்டியது. மழைக்காலத்துக்கு முன்னாடி வீட்டை நிமிர்த்தணும், இல்லேன்னா காலி பண்ணிடணும். இதுல எது செஞ்சாலும் சரி. ஆனா புகார் குடுத்தாங்கன்னு யாரையும் வெளியே அனுப்பக் கூடாது."

புகார் என்ற சொல் விழுந்ததும் எல்லோர் முகமும் திரும்பியது. பல்லுக்காரி தன் விரல் நகத்தில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். வேறெங்கும் பார்க்கவில்லை, அதுவே பதிலாகிவிட்டது.

ஆய்வாளர் போன பிறகு கப்பல்காரர் அவளிடம் வந்தார். கோபம் இல்லை, அதைவிட மோசமாக, முகம் வாடியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"எத்தனையோ தடவை சொன்னேன் ஐயா."

"சொன்னே. நான்தான் காதுல வாங்கல. இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

அவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் போனார். இடித்துவிட்டு மகள் வீட்டோடு போய்விடப் போகிறேன் என்று இரண்டொரு நாளில் எல்லோரிடமும் சொன்னார். அதோடு கட்டடம் முழுக்கப் பேச்சு மாறிவிட்டது. சலூன்காரர் மனைவி பல்லுக்காரியைப் பார்த்தால் துணி உலர்த்தும் பாவனையில் திரும்பிக்கொண்டாள். ஒரு நாள் கொடிக்கயிற்றிடம் சொல்வது போலச் சொன்னாள்: "பல்லு செய்யறவங்க, கடிச்சுட்டாங்க. இந்த வாடகைக்கு இனி எங்க போய் நிக்கிறது? புள்ளைங்களை வெச்சுக்கிட்டு?"

பல்லுக்காரிக்கு அன்றைக்கு வேலையில் கை ஓடவில்லை. கடைவாய்ப் பல்லை முன்வரிசையில் பதித்துவிட்டாள். தனக்கு ஒரு கதவு திறக்கவேண்டும் என்று போய், மூன்று குடும்பத்தின் கூரையைப் பிரித்துவிட்டோமே என்று மனசு அரித்தது. இத்தனைக்கும் நாத்தனார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம் போலக் காத்திருந்தாள், வழக்கம் போலப் பரிமாறினாள். கேட்காமல் இருந்ததுதான் பல்லுக்காரியை அதிகம் உறுத்தியது.

வேலை நிலைமை என்ன என்று பார்க்க ஆய்வாளர் மறுபடி வந்தபோது இடிக்கிற பேச்சைக் கேட்டு, "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆளை அனுப்பறேன், பேசிப் பாருங்க" என்றார். அப்படி வந்தவர்தான் ஜாக்கி மேஸ்திரி. பருத்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல், கழுத்தில் ஒரு விசில். கட்டடத்தை மாடு வாங்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். தட்டிய இடத்தில் காதை வைத்தார்.

"நல்ல உடம்பு. காலுதான் மண்ணுக்குள்ள போயிடுச்சு. தூக்கிடலாம்."

"தூக்கறதுன்னா?" என்றார் கப்பல்காரர், அக்கறையில்லாமல்.

"சுத்தி மண்ணைத் தோண்டுவோம். சுவருக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு இரும்புச் சட்டம் குடுப்போம், அதுக்கு அடியில ஜாக்கி, லாரிக்கு டயர் மாத்த வெப்பாங்களே, அது மாதிரி. எல்லா ஜாக்கியும் வெச்சு முடிச்சதும் அஸ்திவாரத்துல இருந்து வீடு பிரிஞ்சிடும். நான் விசில் அடிச்சா எல்லாரும் ஒண்ணா ஒரு சுத்து சுத்துவாங்க. மேற்குப் பக்கம் கூட, கிழக்குப் பக்கம் கம்மி. நேரா வந்ததும் கீழே புதுசாக் கட்டி உக்கார வெச்சிடுவோம்."

"பிரிஞ்சிடுமா? அப்ப நடுவுல வீடு எது மேல நிக்கும்?"

"ஜாக்கி மேலதான்."

"மண்ணுல படாதா?"

"ஒரு இடத்துலயும் படாது சார்."

கரைக்கு வந்த நாளிலிருந்து யாரும் பார்த்திராத ஒரு வெளிச்சம் கப்பல்காரர் முகத்தில் ஏறியது. "மண்ணுல படாதுன்னா மிதக்குதுன்னுதானே அர்த்தம்" என்றார் தனக்குத்தானே. பிறகு மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். மகள் வீட்டுப் பேச்சை அன்றைக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வேலை தொடங்கியது. சலூன்காரர் மனைவிக்கு மட்டும் மனசு வரவில்லை. "விசிலுக்கு எழும்புற வீட்டுல நான் புள்ளைங்களை வெச்சுக்க மாட்டேன்" என்று சொல்லித் தன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்றைக்குப் பல்லுக்காரியிடம் வந்து நின்று, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. பயத்துல ஏதேதோ பேசிட்டேன்" என்றாள். சலூன்காரர், "முடி வெட்டறதுக்கு மட்டும் இந்தத் தெருவுக்குத்தான் வருவேன்" என்று எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர்களுடைய வீடு, பல்லுக்காரி வீட்டுக்கு நேர் மேலே, காலியாகக் கிடந்தது.

ஜாக்கி சுற்றுகிற நேரத்தில் உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது என்று ஆய்வாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்ற நேரம் இருக்கலாம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கனத்த பொருளை நகர்த்தக் கூடாது. வாசற்படி வீட்டை விட்டுத் தனியே போய்விட்டதால், தெருவிலிருந்து வாசலுக்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். கப்பல்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பலகையில் ஏறி இறங்கினார் என்று சொல்ல முடியாது. வெள்ளைத் தொப்பி ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அவரையே முதல் நாள் விசில் நேரத்தில் உள்ளேயிருந்து பிடித்து இழுத்து வரவேண்டியிருந்தது. "கேப்டன் கடைசியாத்தான் இறங்கணும்" என்று வாதாடினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே ஒரு சுற்று முடிந்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இன்றைக்கு அவ்வளவுதான் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று பிறகு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. பல்லுக்காரியும் நாத்தனாரும் பாய் விரித்துப் படுத்தார்கள். குழாய்களைக் கழற்றியிருந்ததால் வீட்டில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. தெருவின் சத்தமும், சுவர் வழியாக ஏறி வருவதற்கு மண் இல்லாததாலோ என்னவோ, தூரத்தில் எங்கோ கேட்டது. பஞ்சுக்குள் வைத்த முட்டை மாதிரி இருந்தது வீடு. இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள்.

பல்லுக்காரி கனவில் ஒரு பெரிய வாயின் உள்ளே நடந்துகொண்டிருந்தாள். பல் ஒவ்வொன்றும் ஒரு வீடு. எல்லா வீட்டு ஜன்னலிலும் துணி உலர்ந்தது. எங்கோ ஒரு பறவை ஒரே ஒரு தடவை கூவியது. அந்த வாய் மெல்லத் திறந்தது, வெளிச்சம் வந்தது.

கண் விழித்தாள். பறவை மறுபடி கூவியது. அது பறவை இல்லை, விசில்.

அடியில், ஆழத்தில், இரும்பு மெல்ல முனகியது. பாயோடு சேர்ந்து தரை எழும்பியது. எழும்பியதா, அல்லது தூக்கத்தில் மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சு எழும்புமே அதுதானா என்று அவளுக்குப் புரியவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் ஒரு விரல்கடை நகர்ந்தது. வருஷக்கணக்காகத் திறந்தே தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவு, யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல, நிதானமாக வந்து சாத்திக்கொண்டது.

"அண்ணி" என்றாள் அவள், அசையாமல். "வீடு தூக்கறாங்க."

"தெரியும். நான் முதல் விசிலுக்கே முழிச்சுட்டேன்."

"எழுப்பியிருக்கலாமே!"

"எழுந்து ஓடினா ஆபத்துன்னு சொன்னாங்க இல்ல. நீ ஓடுவே. அதான் எழுப்பல." நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். "பயப்படாதே. அசையாம படு. பூனைக்குட்டியத் தூக்கற மாதிரித்தான் தூக்கறான்."

மறுபடி விசில். மறுபடி அந்த முனகல். இந்தத் தடவை பல்லுக்காரியின் வயிற்றில், ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்புகிற அந்த ஒரு நொடியின் கூச்சம் ஓடியது. அவளை அறியாமல் கையை நீட்டினாள். நாத்தனாரின் கை பக்கத்திலேயே இருந்தது, குளத்துத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது.

"எல்லாரும் குளத்துல இப்படித்தான் மிதப்பாங்க போல" என்றாள் நாத்தனார். "நான் டிக்கெட் கிழிக்கறதோட சரி. ஒரு நாளும் உள்ள இறங்கினதில்ல."

"ஏன்?"

"யாரும் இறங்குன்னு சொல்லல."

கொஞ்ச நேரம் விசில் வரவில்லை. கீழே மேஸ்திரியின் மெல்லிய குரல், மண்ணுக்குள்ளிருந்து வருவது போல, யாருக்கோ மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்று சொன்னது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே" என்றாள் நாத்தனார். "நீ போகணும்னா போயேன். அதுக்கு வீடு இடியணும்னு காத்திருக்க வேணாம்."

பல்லுக்காரி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நாத்தனார் விடவில்லை.

"அந்த மரத்துக்கு எதிர்ல இருக்கிற மாடி. நீ தினம் நின்னு பாக்கறே. ஒரு நாள் நீ சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போனே, குடுக்கலாம்னு பின்னாடியே வந்தேன். நீ பாக்கறதைப் பாத்தேன். திரும்பி வந்துட்டேன்."

"அண்ணி, நான் கதவுக்காகத்தான் புகார்…"

"கதவுக்காகத்தான். யாரு இல்லேன்னா? ஆனா கதவுன்னா ஒண்ணா ரெண்டா?" நாத்தனார் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பல்லுக்காரி கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. "தம்பி போனதும் நீ தனியாயிட்டியேன்னு உன்னைப் பிடிச்சுக்கிட்டேன். யோசிச்சா, தனியா ஆனது நான். உன்னைக் காவல் காக்கறேன்னு சொல்லிக்கிட்டு நான் உன் மேல சாய்ஞ்சுக்கிட்டே இருந்திருக்கேன். உனக்கு வலிக்கும்னு தோணல."

பல்லுக்காரியின் கண்ணிலிருந்து வழிந்த நீர் காதுக்குள் போனது. துடைக்கக் கை அசைந்தால் வீடு விழுந்துவிடுமோ என்று அப்படியே விட்டாள். "எனக்கு உங்களைப் பிடிக்கும்" என்றாள். எத்தனையோ வருஷமாகச் சொல்லாத சொல், தப்பான இடத்தில் பதித்த பல் மாதிரி வாய்க்குள் இடறியது. "பிடிக்கும். ஆனா கொஞ்சம் ஜன்னல் திறந்து வெச்சுக்கணும் போல இருக்கு."

"திறந்து வெச்சுக்கோ. சளி பிடிச்சா என்கிட்ட வரக் கூடாது."

விசில் அடித்தது. வீடு எழும்பியது. இரண்டு பெண்களும் கையைப் பிடித்தபடி அதோடு எழும்பினார்கள். மண்ணில் எங்கும் படாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெளிச்சத்தில்.

மாலையில் அவர்கள் கதவைத் திறந்துகொண்டு பலகையில் நடந்து வெளியே வந்தபோது மேஸ்திரி விசிலை வாயில் வைத்தபடியே சிலையாகிப்போனார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் கோபமுமாக அந்த மெல்லிய குரலில் அவர் திட்டியதை இரண்டு பேரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு விசிலுக்கும் முன்னால் அவரே எல்லா அறையிலும் போய்ப் பார்த்து, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கப்பல்காரருக்குத்தான் தாங்கவில்லை. "என்னை மட்டும் இழுத்து வெளியே போட்டீங்களே!" என்று புலம்பிவிட்டு, பல்லுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படிம்மா இருந்துச்சு? உள்ளதைச் சொல்லு" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கு அவள் மேல் இருந்த வருத்தம் அங்கேயே முடிந்தது.

வீடு நிமிர்ந்தது. கீழே புதுச் சுவர் கட்டி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஆனால் நேரான வீட்டில் வாழ யாருக்கும் தெரியவில்லை. பல்லுக்காரி நடந்தால் கிழக்குப் பக்கம் இழுப்பது போல இருந்தது. நாத்தனாருக்குத் தலை சுற்றி இரண்டு நாள் வாந்தி. தேநீர்க் கோப்பையை வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருப்பதை எல்லோரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கடிகாரங்கள் எல்லாம் கோணலாகத் தெரிந்தன. மெய்யாகவே கோணல்தான் என்று புரிய ஒரு வாரம் ஆனது. தெருவில் இருந்தவர்கள், அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆய்வாளர் ரசமட்டத்தோடு வந்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. அவர் கதவுகளைச் சாத்தித் திறந்தார், மாடிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாக ஆட்டிப் பார்த்தார், புதுக் குழாயின் வாய் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று தெருவரை நடந்து பார்த்தார். போகும்போது கப்பல்காரரிடம், "வருஷா வருஷம் பாத்துக்கணும் சார். ஒரு தடவை பண்ணிட்டு மறந்துடற விஷயம் இல்ல" என்றார். கப்பல்காரர் வெள்ளைத் தொப்பியைத் தொட்டுச் சலாம் வைத்தார். முதல் மழையில் அவர் குடையோடு அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது.

மாடியில் காலியான வீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பல்லுக்காரி கேட்டாள். கப்பல்காரர் யோசிக்கவே இல்லை. மரத்துக்கு எதிர் மாடியை விட்டுவிட்டாயா என்று நாத்தனார் கேட்டதற்கு, "அங்க போய் தெரியாதவங்க கதவைத் தட்டறதுக்கு, தெரிஞ்சவங்க தலைக்கு மேல நடக்கலாமேன்னு பாத்தேன்" என்றாள். நாத்தனார் மூட்டை கட்ட உதவினாள். தம்பி படத்தை எந்த வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது மட்டும் இரண்டு பேரும் கொஞ்சம் தயங்கினார்கள். கடைசியில் படம் கீழேயே இருந்தது. அவனுடைய நாற்காலி மேலே போனது.

மேல்வீட்டில் முதல் நாள் காலையில் பல்லுக்காரி எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்தாள். காற்று உள்ளே வந்து, எதை முதலில் கலைப்பது என்று தெரியாமல் வெறும் தரையைச் சுற்றி வந்தது. அவள் அறைக்கு அறை நடந்தாள். யாருக்கும் சொல்லாமல் ஒரு தடவை கையை விரித்துச் சுற்றினாள். அப்போது கீழேயிருந்து தரையைத் துடைப்பக் கட்டையால் இடிக்கிற சத்தம் கேட்டது. பதறிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கீழ் ஜன்னலில் நாத்தனாரின் தலை அண்ணாந்து நின்றது.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ யானை மாதிரி நடக்கறே. குதிகாலை மெதுவா வை."

"சரி, வைக்கறேன்."

"சாப்பிட்டியா?"

"இல்ல. நானே பண்ணிக்கறேன்."

"பண்ணிக்கோ" என்றாள் நாத்தனார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, "நான் குளத்துக்குக் கிளம்பறேன். இன்னைக்குக் கூட்டம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலை விட்டு உள்ளே போனாள். ஜன்னலைச் சாத்தவில்லை. பல்லுக்காரி அடுப்பைப் பற்ற வைத்து, வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றினாள். மஞ்சள் கரு நடுவிலேயே நின்றது. அது ஓடிவிடுமோ என்று பார்த்தபடி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். கீழே கதவு திறந்து, மூடி, நாத்தனாரின் செருப்புச் சத்தம் தெருவில் போய்க்கொண்டிருந்தது.